அறிவியல் எப்பால்? - மரியா சார்லசின் ஆராய்ச்சி பற்றிய ஒரு மதிப்பீடு

உயர்திணைக்கண் ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றும், அஃறிணைக்கண் ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டுமாகப் பால் ஐந்தென வகுத்தது தொல்காப்பியம். அவ்வகுப்பின்படி நோக்கின் அறிவியல் என்னும் சொல் ஒன்றன்பாலின்கண் அடங்கும். அஃது ஆணோ பெண்ணோ என்னும் வினாவிற்கே நம் இலக்கணத்தில் இடமில்லை. ஆயினும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் சமூகவியல் பேராசிரியராகப் பணியாற்றிய மரியா சார்லசு 2011இல் எழுதிய கட்டுரை ஒன்றிற்கு, 'அறிவியல் எப்பால்?' என்று பொருள்படும் தலைப்பினையே இட்டார். இலக்கணப் பால் வேறு. ஒரு சமுதாயம் ஒரு கல்வித்துறையின்மேல் ஏற்றிக் காணும் பால் வேறு. பின்னதே அவர்தம் ஆராய்ச்சிப்பொருள். இன்ன படிப்பு ஆடவர்க்குரியது, இன்னது மகளிர்க்குரியது என்னும் பகுப்பு நாட்டுக்கு நாடு எவ்வாறு வேறுபடுகின்றது, ஏன் வேறுபடுகின்றது என்பதனை எண்களால் அளந்தறிய முற்பட்டோருள் அவர் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்.

தமிழாராய்ச்சி இதழில் இதற்கென்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இவ்வாராய்ச்சியின் நடுநாயகமாக நிற்பவை 'விருப்பம்', 'தன்னை வெளிப்படுத்துதல்' என்னும் இரண்டு கருத்துக்கள். இவை சொற்களின் வழியே மாணவரிடம் கேட்டறியப்படுபவை. சொல்லை ஆராய்வார்க்கு இதன்கண் சொல்லுதற்குச் சில உள.

சார்லசின் ஆராய்ச்சி எத்தகைய கருத்தை எதிர்த்து எழுந்தது என்பதனை முதற்கண் அறிதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகநாடுகளின் கல்விமுறைகள் ஒன்றையொன்று ஒத்து வளர்ந்து வருகின்றன என்பது சுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சான் மேயர், பிரான்சிசுகோ இராமிரசு முதலியோர் வகுத்த கொள்கை. இராமிரசும் கிறித்தீன் மின் வோதிப்காவும் 1972 முதல் 1992 வரையுள்ள காலத்தை ஆராய்ந்து, அறிவியல், பொறியியல் ஆகிய துறைகளில் மகளிர் பயிலுதல் உலகெங்கும் மெல்லமெல்ல மிகுந்துவருதலை 2001இல் எடுத்துக்காட்டினர். மற்றொருபுறம், செல்வம் பெருகிய சமுதாயங்களில் மக்கள் உயிர்வாழும் கவலையினின்றும் நீங்கித் தம்மை வெளிப்படுத்தி வாழ்தலையே பெரிதும் நாடுவர் என்னும் கோட்பாட்டை உரொனால்டு இங்கிள்கார்ட்டு 1977 முதல் வலியுறுத்தி வந்தார். அம்மாற்றம் ஆண் பெண் சமன்மையையும் உடன்கொணரும் என்று அவரும் பிப்பா நாரிசும் 2003இல் எழுதினர். இவையெல்லாவற்றையும் ஒருங்குவைத்து நோக்குவார், செல்வம் வளர வளரப் படிப்புக்களுக்கிடையே எழுந்த ஆண் பெண் வேலியும் தானே வீழ்ந்துவிடும் என்றே எதிர்பார்ப்பர். அஃது இயல்பே.

சார்லசு கண்டது அதுவன்று. அவரும் கேரன் பிராட்லியும் சேர்ந்து தொழில்வளம் மிக்க 12 நாடுகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையிலேயே, சமன்மைக் கருத்துப் பரவிய நாடுகளிலும் துறைவாரியான பிரிவு தளரவில்லை என்று காட்டப்பட்டது. தேவிட்டு கிரசுகியோடு இணைந்து 2004இல் அவர் எழுதிய நூல் இதற்குக் காரணங் காண முயன்றது. ஆண் பெண் வேற்றுமை இருவகைத்து என்பது அந்நூலின் கருத்து. ஒன்று மேல் கீழ் என நிற்பது. ஆடவர் உயர்பதவியிலும் மகளிர் தாழ்பதவியிலும் அமைதல் அவ்வகை. மற்றொன்று பக்கம் பக்கமாக நிற்பது. ஒரே தரத்தினவாகிய தொழில்களுள் இவை ஆடவர்க்கு, இவை மகளிர்க்கு எனப் பகுக்கப்படுதல் அவ்வகை. சமன்மைக் கொள்கை முதலதைத் தாக்குகின்றது, இரண்டாவதனைத் தொடுவதில்லை. 'வேறானவர், ஆயினும் ஒப்பானவர்' என்று கூறிவிட்டால் இரண்டாம் வகைப் பிரிவுக்குச் சமன்மைக் கொள்கையால் இடையூறு யாதும் இல்லையன்றோ?

2009இல் அமெரிக்கச் சமூகவியல் இதழில் சார்லசும் பிராட்லியும் வெளியிட்ட நெடுங்கட்டுரையே இவ்வாராய்ச்சியின் முடிமணி எனலாம். 44 சமுதாயங்களின் உயர்கல்விப் புள்ளிகளைத் தொகுத்து நோக்கிய அவர்கள், பொருள்வளம் மிக்க நாடுகளிலேயே படிப்புக்களின் ஆண் பெண் பிரிவு மிக வலுவாக உளது என்னும் முடிபுக்கு வந்தனர். ஈரான், சவூதி அரேபியா, ஓமன் போன்ற நாடுகளில் அறிவியற் பட்டம் பெறுவோருள் பாதிக்கு மேற்பட்டோர் மகளிர் என்பதனையும், இந்தோனேசியாவில் பொறியியற் பட்டம் பெறுவோருள் மகளிர் பாதியை நெருங்குகின்றனர் என்பதனையும் சார்லசு 2011ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துக்காட்டுகின்றார். அமெரிக்க நாட்டிலோ, கணினியியலில் இளநிலைப் பட்டம் பெற்றோருள் மகளிர் 1984ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 37 விழுக்காட்டினராக இருந்து, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏறத்தாழ 18 விழுக்காடாகக் குறைந்தனர். செல்வமும் சட்டவுரிமையும் வளர்ந்த அதே காலத்தில் நிகழ்ந்த தேய்வு இது.

இதற்கு அவர்கள் காட்டும் காரணம் இரண்டு கருத்துக்களின் கூட்டு. ஆணும் பெண்ணும் இயல்பிலேயே வெவ்வேறு நாட்டமுடையோர் என்னும் நம்பிக்கை ஒன்று. அஃது எத்துணைச் சமன்மை பேசும் நாட்டிலும் சாகாதிருப்பது. ஒவ்வொருவரும் தம் உள்ளம் விழைவதனையே பயின்று தம்மை வெளிப்படுத்துதல் வேண்டும் என்னும் பண்பாடு மற்றொன்று. பதின்மூன்று பதினான்கு அகவைச் சிறுமி ஒருத்தி தன் உள்ளம் யாதென இன்னும் அறியாள். உள்ளம் விழைவதனைக் கூறுக என்று கேட்கப்படுமிடத்து, பெண்கள் விழைவது இன்னதென ஊரார் கூறக் கேட்டதனையே தன் விழைவாக அவள் கூறிவிடுகின்றாள். வளம் மிக்க நாட்டில் அவள் கூறியவாறு நடத்தற்கு எண்ணிறந்த பாடப்பிரிவுகள் திறந்துகிடக்கின்றன. வளங்குன்றிய நாட்டிலோ, பொருளீட்டும் தேவை முன்னிற்றலின், விழைவு பின்தள்ளப்படுகின்றது. எனவே அங்குப் பெண் கணிதமும் பொறியியலும் பயில்கின்றாள். இதுவே அவர்தம் விளக்கத்தின் சாரம்.

முன்னேற்றம் என்பது ஒரே நேர்க்கோட்டிற் செல்வது என்னும் நெடுநாள் மயக்கத்தை இவ்வாராய்ச்சி உடைத்தது. இதனை நாம் ஐயமின்றி ஏற்கின்றோம். விருப்பம் என்பது வானத்தினின்று விழுந்ததன்று, சமுதாயம் நெய்து கொடுத்தது என்று காட்டியதும் பெரும் பயன் உடையது. நம் கருத்து மாறுபடுவது பிற இடங்களில். அவற்றுள் முதலாவது அளவை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் கற்பித்துக் கொள்வோம். ஒரு நாட்டில் ஆண் மாணவர் 1000, பெண் மாணவர் 1000. ஆடவருள் 300 பேரும் மகளிருள் 100 பேரும் பொறியியல் பயில்கின்றனர். மற்றொரு நாட்டில் ஆண் மாணவர் 1000, பெண் மாணவர் 200 மட்டுமே. பொறியியல் பயிலும் ஆடவர் 300, மகளிர் 20. முதல் நாட்டின் பொறியியல் வகுப்பில் மகளிர் 25 விழுக்காடு. இரண்டாம் நாட்டில் 6 விழுக்காட்டிற்குச் சற்று மேல். ஆயினும் இரு நாடுகளிலும் ஆடவருள் பத்தில் மூவரும் மகளிருள் பத்தில் ஒருவரும் பொறியியலை எய்தியுள்ளனர். விகிதங்களைக் கொண்டு அளப்பின் இரு நாடுகளும் ஒன்றே. சார்லசும் கிரசுகியும் கையாண்ட அளவை இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. கல்லூரியில் நுழையும் மகளிரின் தொகை ஏறினும் இறங்கினும் அவ்வளவை அசைவதில்லை. இதற்கு நல்ல காரணம் உண்டு. கல்லூரிக்குள் நுழைதல் ஒரு வினா, நுழைந்தபின் துறை கொள்ளுதல் மற்றொரு வினா. இரண்டனையும் குழப்பாமல் பிரித்து ஆராய்தல் ஆராய்ச்சிக்கு அழகேயாம்.

இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் கூறாமையால் விளைந்த இடரைப் பின்வந்தோர் நூல்வரலாறு காட்டும். உளவியலாராகிய கிசுபர்ட்டு சுடூட்டும் தேவிட்டு கியரியும் 2018இல், ஆண் பெண் சமன்மை மிக்க நாடுகளிலேயே அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் மகளிர் குறைவு என்று எழுதி, அதனைச் 'சமன்மை முரண்' என்று பெயரிட்டனர். பட்டம் பெற்றோருள் மகளிரின் விழுக்காடு என்று படிப்போர் கொள்ளும்படி அவர்கள் எழுதியிருந்த எண் உண்மையில் அவ்விழுக்காடு அன்று. அது மேலே கூறிய விகிதங்களினின்று ஆக்கிய ஓர் எண். நம் கற்பனைக் கணக்கில் இரண்டாம் நாட்டிற்கும் அவ்வெண் 25 என்றே வரும்! பிற ஆராய்ச்சியாளர் புள்ளிகளை ஒப்பிட்டு இதனை வெளிப்படுத்தியபின், 2019இன் இறுதியில் நீண்டதொரு திருத்தம் வெளியிடப்பட்டது. சமன்மை மிகுந்தவிடத்துப் பெண் தன் இயற்கை நாட்டத்திற்கே திரும்புகின்றாள் என்பது போலும் அவர்கள் கூற்று பொதுமக்களிடையே பரவிற்று. சார்லசின் கொள்கையையும் இதனோடு ஒன்றாக எண்ணி எழுதுவார் உளர். அது பெரும்பிழை. நாட்டம் இயற்கையன்று, நம்பிக்கையின் ஆக்கம் என்பதே சார்லசு முதலிலிருந்து கூறிவருவது. தாமசு பிரேடாவும் உடனாராய்ந்தோரும் 2020இல் 64 நாடுகளின் புள்ளிகளைக் கொண்டு, கணிதம் ஆடவர்க்குரியது என்னும் எண்ணம் வளர்ந்த நாடுகளிலேயே வலுவாக உள்ளது என்றும், முரண் போலத் தோன்றுவதனை அதுவே விளக்கும் என்றும் காட்டியது சார்லசின் பக்கமே நிற்கின்றது.

எனினும் அளவையின் குறை அளவையின் குறையே. கற்பனைக் கணக்கின் இரண்டாம் நாட்டில், 320 பேர் அமர்ந்த கூடத்தில் 20 மகளிர் ஒருவரையொருவர் அறிந்து ஒரு மூலையில் இருக்கின்றனர். முதல் நாட்டில் 400 பேருள் 100 மகளிர். இவ்விரு கூடங்களும் அங்கே அமர்ந்திருப்பவளுக்கு ஒன்றாகுமா? தன்போல்வாரைக் கண்ணாற் கண்டே ஒருத்தி 'இத்துறை நம்முடையது' என்று துணிகின்றாள். பாலேற்றம் என்று சார்லசு கூறும் அந்நம்பிக்கை பிறப்பதே அக்கூடத்தில்தான். நம்பிக்கையைக் காரணமாகக் கொள்ளும் கொள்கை, அந்நம்பிக்கையை ஊட்டும் தலைத்தொகையை அளவையினின்று நீக்கிவிடுதல் பொருந்துமாறு இல்லை. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டியிருப்பின் நூல் இன்னும் வலிமையுற்றிருக்கும்.

இரண்டாவது மாறுபாடே நமக்குப் பெரிதாகத் தோன்றுவது. வளம் மிக்க நாட்டுப் பெண் தன்னை வெளிப்படுத்துகின்றாள். வளங்குன்றிய நாட்டுப் பெண் தேவைக்குப் பணிகின்றாள் என்னும் பகுப்பினை எண்ணிப் பார்ப்போம். முன்னவளுடைய விருப்பம் சமுதாயத்தால் ஊட்டப்பட்டதெனினும் அவளுக்குத் 'தான்' என்பதொன்று கொடுக்கப்படுகின்றது. பின்னவளுக்கு அதுவும் இல்லை. அவள் இயற்பியல் பயில்வது இயற்பியலின்மேல் வைத்த காதலாலும் இருக்கலாம் என்பதற்கு இக்கொள்கையில் இடம் மிகக் குறுகியது. வீட்டாரின் வறுமையே அவளை ஆய்வகத்துள் தள்ளிற்று என்பது போன்ற தோற்றம் விளைகின்றது. ஆசிரியரின் கருத்து இதுவாக இராது என்பது உண்மையே. ஆயினும் கொள்கையின் கட்டமைப்பு அவ்வழியே இழுத்துச் செல்கின்றது.

மலேசிய நாட்டைப் பற்றி எழுந்த இரு ஆராய்ச்சிகள் இவ்விடத்து நமக்குத் துணையாகின்றன. நார்வே நாட்டினராகிய விவியன் இலாகெசன் கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணினியியற் புலத்தில் மாணவியரையும் ஆசிரியரையும் நேரிற்கண்டு உசாவி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். (1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டிற்கு இடமளித்த நகரமும், தனிநாயக அடிகள் இந்திய ஆய்வியல் துறையை நடத்திய பல்கலைக்கழகமும் இவையே.) அப்புலத்தில் மாணவருள் மகளிரே மிகுதி, பொறுப்புமிக்க பதவிகளிலும் மகளிர் இருந்தனர். கணினியியல் ஆடவர்க்குரியது என்னும் எண்ணமே அங்கு இல்லை. ஏன்? கணினிப்பணி அலுவலக அறையினுள் அமர்ந்து செய்வது. கட்டட வேலைக்களம்போலவும் தொழிற்சாலைபோலவும் அன்றி, மகளிர்க்குப் பாதுகாவலும் தகுதியும் உடையது என்று அவர்கள் கருதினர். சுவீடன் நாட்டினராகிய உல்ஃப் மெல்சுட்ரோம் பினாங்கில் ஆராய்ந்து 2009இல் எழுதியதும் இதனையொத்ததே. இனவாரியான அரசுக் கொள்கையும் வகுப்புநிலையும் இதனோடு பின்னிக்கிடத்தலை அவர் கூடுதலாகக் காட்டுகின்றார்.

இச்சான்று உணர்த்துவது யாது? மலேசியப் பெண்ணும் பெண்மை பற்றிய நம்பிக்கையின் வழியேதான் துறை கொள்கின்றாள். பெண்ணுக்கு உள்ளறை தகும், வெளிக்களம் தகாது என்பதும் இயற்கைப் பால்வேற்றுமைக் கொள்கையேயன்றி வேறன்று. ஆனால் அதே கொள்கை அங்கே அவளைக் கணினியின்முன் அமர்த்துகின்றது. அமெரிக்காவில் அவளைக் கணினியினின்றும் விலக்குகின்றது. எனவே வேறுபாடு நம்பிக்கையின் வலிமையில் இல்லை, உள்ளீட்டில் உள்ளது. சார்லசின் கொள்கையோ செல்வம் கூடக்கூட நம்பிக்கை வெளிப்பட வாய்ப்பும் கூடும் என்று அளவினைப் பேசுகின்றது. எந்நாட்டில் எப்பொருள் பெண்மையாகக் கருதப்படுகின்றது என்பதனை மாறாதது போலக் கொள்கின்றது. 2011ஆம் ஆண்டுக் கட்டுரையில் மலேசியாவைச் சார்லசே எடுத்துக்காட்டுகின்றார். எடுத்துக்காட்டியதன் பயனைக் கொள்கையின் அடிப்படைக்குக் கொண்டுசென்றாரல்லர் என்பதே நம் குறை.

இந்திய நாட்டு எண்களும் சிறிது நோக்கத்தக்கன. ஒன்றிய அரசின் 2020-21ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, அறிவியற் பிரிவில் பயின்றோர் 57.2 இலட்சம் பேருள் மகளிர் 29.5 இலட்சம், ஆடவர் 27.7 இலட்சம். அதே கணக்கெடுப்பில் பொறியியல், தொழில்நுட்பப் பிரிவில் மகளிர் பத்தில் மூன்று பங்கினும் சற்றுக் குறைவே. 'அறிவியல்' என்று ஒரு பெயரிட்டு உலகமுழுவதையும் அளக்கும்போது, பி.எஸ்ஸி. வகுப்பும் பொறியியற் கல்லூரியும் ஒரே குடையின்கீழ் வந்துவிடுகின்றன. இங்கு இவ்விரண்டன் செலவும் வேறு, வேலைவாய்ப்பும் வேறு. தேவையே பெண்ணை வழிநடத்துவதாயின், வருவாய் மிக்க பொறியியலிலன்றோ அவள் மிகுந்திருத்தல் வேண்டும்? மாறாக, கட்டணங் குறைந்த அறிவியலில் மிகுந்திருக்கின்றாள். எவருக்காக எவ்வளவு செலவிடுவது என்று இல்லங்கள் போடும் கணக்கும் இதனுள் இருத்தல் கூடும். தேவை என்பதும் ஆண் பெண் நோக்கினால் பங்கிடப்படுவது என்பதனை இவ்வெண்கள் நினைவூட்டுகின்றன.

இனி, மொழி பற்றியது. மாணவரின் நாட்டத்தை அறிய ஆசிரியர் கொண்ட புள்ளிகள் பன்னாட்டுக் கணித அறிவியல் தேர்வினின்று கிடைத்தவை. எட்டாம் வகுப்பு மாணவரிடம், கணிதம் கற்பதில் மகிழ்கின்றேன் என்பது போன்ற தொடர்களைக் கொடுத்து, மிக உடன்படுதல் முதல் மிக மறுத்தல் வரை நான்கு கட்டங்களுள் ஒன்றனைக் குறிக்கச் சொல்வது அதன் முறை. மொழிபெயர்ப்பைத் தனியே சரிபார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஒரே நாட்டின் சிறுவரையும் சிறுமியரையுமே ஒப்பிடுதலால், மொழியால் வரும் கோணல் இருசாரார்க்கும் பொதுவாகிக் கழிந்துவிடும் என்று ஆசிரியர் சார்பில் கூறலாம். அது பெரும்பான்மையும் சரியே. முழுதும் சரியன்று. ஒரு நாட்டு மாணவர் ஏறக்குறைய எல்லாரும் முதற் கட்டத்தையே குறிப்பராயின், அங்கு இருபாலாரின் வேறுபாடு தோன்றுதற்கு வெளியே இல்லாமற் போகின்றது. சப்பான், கொரியா ஆகிய நாடுகளின் மாணவர் உயர்மதிப்பெண் பெற்றும் மகிழ்ச்சியைக் குறைவாகவே குறிக்கின்றனர் என்பது அத்தேர்வை அறிந்தோர்க்குப் பழகிய செய்தி. 'மகிழ்கின்றேன்' என்று சொல்லத் தயங்கும் பண்பாடும், ஆசிரியர் முன் 'ஆம்' என்றே சொல்லும் பண்பாடும் எண்களில் ஊடுருவி நிற்கின்றன. வேறுபாடு சிறிதாகத் தோன்றும் நாடுகளுள் எவற்றில் அது மெய்யாகவே சிறிது, எவற்றில் கட்டம் போதாமையாற் சிறிது என்பதனைப் பிரித்தறியாமல், செல்வத்தின்மேல் முழுவதையும் ஏற்றிக் கூறுதல் விரைவுடைமையாகும்.

நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். தமிழ்ச்சிறுவர் 'நான் கணக்கை விரும்புகின்றேன்' என்று பேசுவதில்லை. 'எனக்குக் கணக்குப் பிடிக்கும்' என்பர். அதனினும் மிகுதியாக 'எனக்குக் கணக்கு வரும்', 'எனக்குக் கணக்கு வராது' என்பர். இத்தொடர்களில் எழுவாய் கணக்கு. பேசுவோன் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கின்றான். மேலும் 'வரும்' என்பதனுள் திறமும் நாட்டமும் பிரியாது கிடக்கின்றன. இதனைக் கொண்டு தமிழர்க்குத் தன்விருப்பம் இல்லையென்று முடிவு கட்டுவது பேதைமை. நாம் கூறுவது இவ்வளவே: நாட்டம் வேறு, திறம் வேறு எனப் பகுத்து வினவும் ஒரு தாள், அவ்விரண்டையும் ஒரு சொல்லில் அடக்கிப் பேசும் சிறுமியிடம் எதனை அளக்கின்றது என்பது ஆராயப்படவேண்டிய வினா.

துறை கொண்ட வரலாற்றைக் கூறுமிடத்தும் இவ்வாறே. நம் வகுப்புக்களுக்கு வரும் மாணவியரை, இத்துறைக்கு எவ்வாறு வந்தாய் என்று வினவின், 'சேர்த்துவிட்டார்கள்' என்று பிறவினையால் தொடங்குவர். அடுத்த தொடரிலேயே 'அதனால்தான் சேர்ந்தேன்' என்று தன்வினைக்கு மாறுவர். பின்னர் 'இப்பொழுது இதுதான் பிடித்திருக்கின்றது' என்பர். மூன்றும் ஒருத்தி கூற்றே. இவற்றுள் எதனைத் தேவை என்பது, எதனை விருப்பம் என்பது? சேர்க்கப்பட்டவள் பின்னர் விரும்புகின்றாள். விரும்பியபின் அவ்விருப்பம் பொய்யாமோ? நான்கு கட்டங்களுள் ஒன்றனைக் குறிக்கச் சொல்லின் இம்மூன்றனுள் ஒன்றே எஞ்சும். அறிவியற் கல்லூரிகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் பயிலும் பெண்கள் தம் படிப்பின் வரலாற்றைக் கூறும் உரைகளை அவர்தம் பேச்சுமொழியிலேயே தொகுத்து, தன்வினையும் பிறவினையும் எங்கெங்கு மாறுகின்றன, 'வரும்' என்பதும் 'பிடிக்கும்' என்பதும் எவ்வெவ்விடத்து வருகின்றன என்று குறித்து ஆராய்தல் முதுகலை மாணவர் ஒருவர் ஈராண்டில் முடிக்கத்தக்க பணி. சார்லசின் எண்களோடு வைத்து ஒப்பிடுதற்கு உரிய சான்று அவ்வாறு தொகுத்த பின்னரே நம்மிடம் இருக்கும்.